பூவுக்குத் திரும்பும் பொம்மை

வலது கைக் கட்டைவிரல் நகம் பசையைக் கடுகளவு எடுத்து, பிளாஸ்டிக் பீடத்தில் இருந்த சிறு குழிக்குள் வைத்தது. இடது கை ஒரு மூஞ்சுறுவைப் பிடித்திருந்தது. சுண்டுவிரல் நுனியை விடப் பெரிதில்லை. ஆனாலும் காதும் வாலும் தெளிவாக இருந்தன. அதன் வயிற்றில் ஒரு துளை இருந்தது. நேற்றுவரை அந்தத் துளைக்குள் ஒரு குண்டூசி முனை நின்று மூஞ்சுறுவைத் தாங்கியது. இப்போது துளையைப் பசையால் அடைத்து, கைகள் மூஞ்சுறுவைக் குழிக்குள் இறக்கின. பிள்ளையாரைப் பார்க்கும்படி நேராக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டன. பசை இறுகும்வரை பிடியை விடக் கூடாது. விட்டால் மூஞ்சுறு மயிரிழை திரும்பிவிடும். திரும்பாமல் செய்வதுதான் இப்போது வேலை.

கோவிந்தம்மாவின் கைகள் அவை. எண்பத்து நான்காம் வருடம், தண்டலத்தில் பெங்களூர் ரோட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், பிளாஸ்டிக் சாமான்கள் வார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மற்ற பெண்கள் வார்ப்பிலிருந்து வரும் சோப்புப் பெட்டிகளின் ஓரப் பிசிறைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார்கள். அவளும் பல வருடங்களாக அதைத்தான் செய்துவந்தாள். இந்த ஒரு வாரம் மட்டும் அவளுக்குத் தனி மேசை. லாரியிலும் காரிலும் ஸ்டியரிங்குக்கு முன்னால் வைக்கிற காந்தப் பிள்ளையாருக்கு அவள் மாதிரி செய்து தர வேண்டும். காந்தத்தைப் பற்றி அவளுக்குத் தெரியும் என்பது சூப்பர்வைசர் ஆபிரகாமுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சுருக்கமாகச் சொல்லிவிடக்கூடிய கதை அல்ல.

கல்யாணமாகிப் பென்னலூருக்கு வந்தபோது அவளுக்குத் தெரிந்த கைவேலை ஒன்றுதான். பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் அரைத்து, முறத்தின் கண்களில் பூசி அடைப்பது. எல்லா வீட்டுப் பெண்களும் செய்கிற வேலைதான். ஆனால் கோவிந்தம்மா அரைத்தால் கூழில் ஒரு திப்பி இருக்காது. காய்ந்த பிறகு சுண்டினால் மரத்தைத் தட்டியதுபோல் சத்தம் வரும். மிஞ்சிய கூழில் அவள் கிண்ணம் செய்தாள், பிறகு வாத்து செய்தாள், பிறகு ஆட்கள் செய்தாள். மூக்குக்கு மட்டும் தனியாக, பிடி நெகிழாத கெட்டிக் கூழ் வைத்துக்கொள்வாள்.

கணவன் நடேசனுக்கு மைக்செட் வேலை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவான். மழையில் நனைந்து காகிதம் கிழிந்த ஸ்பீக்கர்கள் வீட்டு மூலையில் சேர்ந்துகொண்டே இருக்கும். அவற்றின் பின்னால் இருக்கும் காந்தம் மட்டும் கெடுவதில்லை. ஒரு நாள் அரிவாள்மணை அதில் போய் ஒட்டிக்கொண்டதைப் பிரித்தெடுக்கும்போது அவளுக்கு வாத்தின் ஞாபகம் வந்தது. வாத்தின் அலகுக்குள் ஓர் ஆணித்துண்டை வைத்துக் கூழ் பூசினாள். தட்டில் தண்ணீர் ஊற்றி வாத்தை மிதக்கவிட்டு, காந்தத்துண்டு ஒளித்த ஒரு நெற்கதிரைக் காட்டினாள். வாத்து நீந்தி வந்து கதிரைக் கொத்தியது. நடேசன் சோற்றைப் பாதியில் நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு அவள் செய்த பொம்மைகள் எல்லாமே அசைந்தன. கீரியைக் கிட்டே கொண்டுபோனால் பாம்பு பின்வாங்கும். போலீஸ்காரனை எந்தப் பக்கமிருந்து நகர்த்தினாலும் திருடன் அவனுக்கு முதுகைத்தான் காட்டுவான். ஸ்ரீபெரும்புதூர்ப் பெருமாள் கோயில் உற்சவத்தில் சாக்கு விரித்து வைத்தால் கூட்டம் கூடும். ஆனால் பார்க்கிறவர்கள் அதிகம், வாங்குகிறவர்கள் குறைவு. வாத்து ஊறிப்போகும், திருடன் நாளடைவில் மந்தமாகிவிடுவான். பொம்மை தன் வீட்டுக் கூடத்தில் அசைவது வேறு, வாங்கிப்போனவன் வீட்டில் பல மாதம் அசைவது வேறு என்று அவள் அங்கேதான் கற்றாள்.

கோபித்துக்கொண்ட மனைவிப் பொம்மை அதற்குப் பிறகு வந்தது. அதற்கு அவள் எடுத்துக்கொண்ட காலத்தில் வேறு ஒருத்தி ஒரு வீடே கட்டியிருப்பாள்.

மனைவி ஒரு பலகையில் நிற்பாள். கணவனைக் கையில் பிடித்து அவளை நோக்கி நகர்த்தினால் அவள் சட்டென்று திரும்பி முதுகைக் காட்டுவாள். எந்தப் பக்கமாகச் சுற்றி வந்தாலும் அப்படித்தான். கணவன் கையில் ஒரு பூப்பொட்டலத்தைச் செருகிவிட்டு மறுபடி நகர்த்தினால், அவள் மெதுவாகத் திரும்பி முகத்தைக் காட்டுவாள். அவ்வளவுதான் விளையாட்டு. உள்ளே இருக்கும் சங்கதியும் எளிதுதான். காந்தத்தின் ஒரே மாதிரி முனைகள் தள்ளும், மாறான முனைகள் இழுக்கும். கணவன் வயிற்றில் உள்ள காந்தம் மனைவியின் முகத்தைத் தள்ளும். பூப்பொட்டலத்தில் உள்ள அதைவிடப் பலமான துண்டு, திருப்பி வைக்கப்பட்டிருப்பதால், அதே முகத்தை இழுக்கும்.

எளிதில்லாதது மனைவியைச் செய்வது. ஸ்பீக்கர் காந்தத்தை உடைத்து அவளுக்குள் வைத்தால் கனம் தாங்காமல் சாய்ந்தாள். அதனால் இரும்பு அறுக்கும் பிளேடில் ஒரு துண்டை ஒடித்து, ஸ்பீக்கர் காந்தத்தின் மேல் ஒரே திசையில் தேய்த்துத் தேய்த்து அதையே காந்தமாக்கி, பாவாடைக்குள் படுக்கவைத்தாள். கீழே ரவிக்கைக்குத் தைக்கிற பிரஸ் பட்டனின் குழிந்த பாதி. அது ஓர் ஊசிமுனையில் உட்கார்ந்து சுழலும். முதலில் செய்த ஐந்தாறு பொம்மைகளை ஜன்னலோரம் வரிசையாக வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வந்தாள். எல்லாப் பெண்களும் ஒரே பக்கம் திரும்பி நின்றார்கள்.

நடேசன் வந்து பார்த்தான். “இன்னாடி, அத்தினி பேரும் வடக்கப் பாத்துக்கினு நிக்கிறாளுங்க? காசிக்குப் போற வண்டி இன்னும் வர்லியா?”

காந்த ஊசி என்றால் வடக்கே காட்டும். பக்கத்தில் கணவன் இருக்கிறானா இல்லையா என்பதெல்லாம் அதற்கு இல்லை. அவள் ஊசிமுனையைச் சாணைக்கல்லில் லேசாக மழுக்கினாள். மழுக்கிய முனையில் பட்டன் கொஞ்சம் உராயும். அந்த உராய்வை மீறித் திருப்ப வடக்கின் இழுப்பு போதாது, கணவனின் தள்ளல் போதும். எவ்வளவு மழுக்குவது என்பதில்தான் மாதங்கள் போயின. அதிகம் மழுங்கினால் மனைவி கல்லாக நின்றாள். குறைந்தால் மறுபடி காசிக்குக் கிளம்பினாள்.

பிளேடுக் காந்தத்துக்கு இன்னொரு குணம் உண்டு. ஸ்பீக்கர் காந்தம்போல அது உறுதியானதல்ல. ஒரே பக்கம் பார்த்தபடி பல துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். பலமான காந்தம் ஒன்றை அதனருகே நாள்கணக்கில் விட்டால் முழுவதுமே செத்துப்போகும், இல்லாவிட்டால் முனை மாறிவிடும். மந்தமாகிப்போன திருடர்களைப் பிரித்துப் பார்த்து அவள் கண்டுகொண்டது அது. அதனால் மனைவிகளைத் தூங்கவைக்க அவளிடம் ஒரு முறை இருந்தது. ஒருத்தி மல்லாந்து, அடுத்தவள் குப்புற, அதற்கடுத்தவள் மல்லாந்து. வரிசைக்கு அடியில் ஒரு தகரப் பட்டை. கணவன்மார்கள் வேறு பெட்டியில், அறையின் மறுகோடியில். நடேசனின் தங்கை முனியம்மாள் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து கண் எழுதிக் கொடுப்பாள். அவளுக்கும் இந்த அடுக்கு முறை தெரியும். ஏன் அப்படி என்று அவள் கேட்டதில்லை, கோவிந்தம்மா சொன்னதும் இல்லை.

எழுபதாம் வருடம் பரசுராமன் வீடு தேடி வந்தார். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் பொம்மை வியாபாரம் அவருக்கு. காஞ்சிபுரத்தில் மண் பொம்மை வாங்கிச் சென்னைக் கடைகளுக்குக் கொலுவுக்கு அனுப்புகிறவர். பலகையில் கணவனை நகர்த்தினார். மனைவி திரும்பிக்கொண்டாள். மறுபக்கமாகச் சுற்றினார், அப்போதும் திரும்பிக்கொண்டாள். பூவைச் செருகினார். அவள் முகம் திரும்பியதும் அவர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

“எங்கூட்ல பூ வாங்கியாந்தாலும் திரும்பறதில்ல. இவ தேவல” என்றார்.

பொங்கலை ஒட்டிச் சென்னையில் நடக்கிற பொருட்காட்சியில் ஒரு கடை முழுவதும் இந்த ஜோடியையே வைத்து விற்பதாகச் சொன்னார். கிளம்பும்போது அவர் சொன்னதுதான் கோவிந்தம்மாவை அந்த வருடம் முழுவதும் ஓடவைத்தது.

“இது மட்டும் ஓடிச்சின்னா, இனிமே நீ கூழ் அரைக்கவே வாணாம். அதுக்கு ஆளுங்கள நான் வெக்கிறேன். புதுசா இன்னா ஆடணும், எப்படி ஆடணும்னு யோசிக்கிறதுதான் உன் வேல. வருசத்துக்கு ஒண்ணு குடு, போதும்.”

அவள் அதை நடேசனிடம் உடனே சொல்லவில்லை. ரயில் செய்ய முடியுமா, கோலாட்டம் செய்ய முடியுமா என்று மனத்துக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. அடுப்பில் ஊதுகுழலைப் பிடித்தபடி ஊத மறந்து உட்கார்ந்திருந்தாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் மற்ற வேலைகளுக்கு நடுவே திருடித்தான் பொம்மையை யோசித்தாள். அதுவே வேலையாகும் என்று அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

மழை பிடித்தால் கூழ் காயாது. அதனால் ஆவணி, புரட்டாசிக்குள் அத்தனை ஜோடிகளையும் முடித்தாக வேண்டும். முடித்தார்கள். ஐப்பசியில் வண்ணம் உலர்ந்ததும் பெட்டியில் அடுக்கிப் பரசுராமனின் கிடங்குக்கு அனுப்பிவிட வேண்டும். வீட்டில் வைத்தால் ஈரம் ஏறும். முதல் பெட்டியைக் கோவிந்தம்மா தானே அடுக்கினாள். இரண்டாவதைத் தொடங்கும்போது ஆள் ஓடி வந்தான். வல்லக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் புளியமரத்தில் குழாய் கட்டிக்கொண்டிருந்த நடேசன் விழுந்துவிட்டான்.

கட்டிய புடவையோடு கிளம்பினாள். வாசலில் முனியம்மாளிடம் சொன்னாள்: “நான் வெச்சிருக்கிற மாதிரியே வெச்சிரு முனிமா. ஒண்ணு மல்லாக்க, ஒண்ணு குப்புற. ஆம்பளைங்கள தனியா வெய்யி.” காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் நடேசனின் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்றார்கள். அவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

அவள் போன மறுநாள் பரசுராமன் அனுப்பிய பாண்டுரங்கன் வைக்கோல் கட்டோடு வந்தார். காஞ்சிபுரத்தில் மண் பொம்மைகளை வெளியூருக்கு அனுப்பப் பெட்டி கட்டுகிறவர். அவர் கட்டிய பெட்டியில் ஒரு மூக்கு உடைந்தது என்று யாரும் சொன்னதில்லை. மண் பொம்மைக்கு அவர் வழக்கம், வைக்கோல் மெத்தையில் எல்லா முகமும் மேலே பார்க்க மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே மறுபடி வைக்கோல். கோவிந்தம்மா அடுக்கிய பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“பொம்மைய யாராவது குப்புறப் போடுவாங்களா தாயீ? செத்தவனே மல்லாக்கத்தான் போறான்” என்றார்.

முனியம்மாள், அண்ணி அப்படித்தான் சொல்லியிருக்கிறாள் என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். காந்தமாம் என்று மட்டும் சொல்ல அவளுக்குத் தெரிந்தது. காந்தமோ என்னமோ, குப்புறக் கிடந்தால் வண்டி ஆடுகிற ஆட்டத்தில் மூக்கு தேய்ந்துபோகும், பேர் கெடப்போவது என் பேர் என்றார் அவர். அது நியாயமாகவே இருந்தது. பிறகு மறுகோடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். “புருசன் ஒரு பொட்டியில, பொண்டாட்டி ஒரு பொட்டியில. கோர்ட்ல கேஸ் நடக்குதா?”

முனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் விழுந்த பிறகு முதல் தடவையாக வந்த சிரிப்பு. பாண்டுரங்கன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அவருடைய சுத்தமான கையால், ஜோடி ஜோடியாக, கணவனுக்குப் பக்கத்தில் மனைவியாக, எல்லா முகமும் மேலே பார்க்கப் படுக்கவைத்தார். பூப்பொட்டலத்தைத் தொலைந்துபோகாமல் அந்தந்த மனைவியின் காலடியில் செருகினார். அப்படி ஒரு நல்ல கட்டு அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. தகரப் பட்டைகள் மிஞ்சின. அவற்றை முனியம்மாள் பரணில் எடுத்து வைத்தாள். மழைக்காலம் முழுவதும் பெட்டிகள் கிடங்கில் இருந்தன.

பொருட்காட்சி தொடங்கிய அன்று பிற்பகல் பரசுராமன் கோவிந்தம்மாவை வரச் சொல்லியிருந்தார். நடேசனை வீட்டுக்குக் கொண்டுவந்து, திருப்பிப் படுக்கவைக்கவும் துடைத்துவிடவும் முனியம்மாளைப் பழக்கிவிட்டு, பஸ் ஏறிப் போனாள். கடையில் சிவப்புத் துணி விரித்து ஜோடிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு மூக்கும் தேயவில்லை. அவள் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

முதலில் வந்த ஆள் மனைவி மக்களோடு வந்திருந்தார். கணவன் பொம்மையை நகர்த்தினார். மனைவிப் பொம்மை அசையாமல் நின்றது. பூவைச் செருகி நகர்த்தினார். அப்போதும் நின்றது. அவர் தன் வீட்டுக்காரியிடம், “பாத்தியா, இவ உன் கட்சி. இன்னா குடுத்தாலும் நவுற மாட்டா” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடைப்பையன் அடுத்த ஜோடியை எடுத்து வைத்தான். அதுவும் அப்படியே. அதற்கடுத்தது அசைந்தது. கணவன் வெறுங்கையோடு வந்தபோது மனைவி முகத்தைக் காட்டினாள். பூவைக் காட்டியதும் முதுகைத் திருப்பிக்கொண்டாள். காலேஜ் பையன்கள் இருவர் அதைத் திரும்பத் திரும்ப ஆட்டிப் பார்த்தார்கள். எவனோ இவளுக்கு ஏற்கெனவே பூ வாங்கித் தந்திருக்கிறான் என்று ஒருவன் சொன்னான். சிரிப்பு பெரிதாக எழுந்தது. வாங்கியவர் யாருமில்லை.

கோவிந்தம்மா ஒரு மனைவியை எடுத்துத் தன் கொண்டை ஊசியைப் பாவாடையருகே கொண்டுபோனாள். ஊசி ஒட்டவில்லை. வெறும் பிளேடு. இன்னொருத்தி, இன்னொருத்தி. பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றாள். வைக்கோல் மெத்தையில் பாதி ஜோடிகள் இன்னும் படுத்திருந்தன, எல்லா முகமும் மேலே பார்த்தபடி, கணவனுக்குப் பக்கத்தில் மனைவி. எதையும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வருடம் முழுவதும் மழுக்கிய ஊசிமுனைகளை நினைத்தாள். பிளேடில் உயிர் இருந்தபோது அந்த உராய்வு கணக்காக இருந்தது. உயிர் குறைந்ததும் அதுவே பொம்மைகளைப் பிடித்து நிறுத்தியது.

வீட்டுக்கு எடுத்துப்போய் மறுபடி தேய்த்துச் சரிசெய்து தருகிறேன் என்றாள் பரசுராமனிடம். ஸ்பீக்கர் காந்தத்தை வெளியிலிருந்தே இழுத்தால்கூட ஓரளவு வரும், கொஞ்சம் நாள் வேண்டும். அவர் கோபப்படவில்லை.

“நான் உன்னிய ஒண்ணும் சொல்லலமா. மனசு வந்தா திரும்புவா, வராங்காட்டி திரும்ப மாட்டான்னு சொல்லி நான் எப்படி விக்கிறது? உன் கையில ஆடறது பெருசில்ல. வாங்கறவன் கையில ஆடணும்.”

மறுநாள் அந்தச் சிவப்புத் துணியில் பம்பாயிலிருந்து வந்த ஊதல்கள் வைக்கப்பட்டன. பெட்டிகள் பென்னலூருக்குத் திரும்பி வந்தன.

முனியம்மாள் நடந்ததைத் தானே சொன்னாள். “அண்ணன் அங்க படுத்துக்கினு கீது. இங்க அத்தினி மூஞ்சியும் குப்புறக் கெடக்குறத என்னால பாக்க முடியல அண்ணி. அந்தாளு திருப்பி வெச்சதும்தான் எனுக்கு மூச்சே வந்துச்சி.”

“ஏன்னு சொல்லிருந்தா வெச்சிருப்பியா?”

“சொல்லிருந்தா வெச்சிருப்பேன்.”

சொல்லக் கோவிந்தம்மாவுக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். வருடக்கணக்காக ஒரே வீட்டில் ஒரே பலகைக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். எப்படி வைப்பது என்று காட்டினால் போதும் என்று இருந்துவிட்டாள்.

அடுத்த மாதங்களில் அவள் அத்தனை மனைவிகளுக்கும் உயிர் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் ஸ்பீக்கர் காந்தத்தில் தேய்த்து, கணவனை நகர்த்திப் பார்த்து, பூவைச் செருகிப் பார்த்து, மல்லாக்க ஒன்று குப்புற ஒன்றாக அடுக்கினாள். எல்லாமே திரும்பின. ஒன்றுகூடத் தப்பவில்லை. நடேசன் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். பேச்சு குறைந்துபோயிருந்தது. ஒரு நாள் மட்டும், “இவளுங்கள யார்ட்டடி காட்டப் போற?” என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை.

காட்டினாள். சென்னையில் இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினாள். பரசுராமனைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பொருட்காட்சிக் கதையும் தெரிந்திருந்தது. மேசையில் வைத்து அசைத்துக் காட்டும்போது அவர்கள் ரசித்தார்கள். இங்கே அசைகிறது சரி, வாங்குகிறவன் வீட்டில் அசையுமா என்றார்கள். கோலாட்டப் பொம்மையைக் கூழில் பாதிவரை செய்து நிறுத்தினாள். நடேசனின் ஆம்ப்ளிஃபயரும் குழாய்களும் வேறு ஒருவர் கைக்குப் போயின. ஜோடிகள் தெருப் பிள்ளைகளிடமும் கல்யாண வீடுகளுக்குப் பரிசாகவும் போய்த் தீர்ந்தன. நடேசன் ஒரு கார்த்திகை மாதம், முதுகுப் புண் ஆறாமல் இறந்தான். தண்டலத்துக் கொட்டகையில் பெண்களைப் பிசிறு சீவ எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் அங்கே போய் நின்றது அதன் பிறகுதான்.

இப்போது, இத்தனை வருடம் கழித்து, காந்தம் அவளைத் தேடி வந்திருந்தது. ஆபிரகாம் தனி மேசை போட்டுக் கொடுத்து, பிள்ளையார் வார்ப்பையும் மூஞ்சுறு வார்ப்பையும் கறுப்புக் காந்த வளையங்களையும் முன்னால் வைத்தபோது, அவளுக்குப் பழைய ஓட்டம் ஒன்று உள்ளே தொடங்கியது. அன்று அவள் மதியச் சோற்றைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் ஒரு மாதிரியைக் கொடுத்தாள். அடியில் உள்ள காந்தம் பிள்ளையாரை இரும்பில் பிடித்துக்கொள்ளும். மூஞ்சுறு மட்டும் ஊசிமுனையில் நிற்கும். வண்டி ஆடினால் அது அப்படியும் இப்படியும் திரும்பி, கடைசியில் பிள்ளையார் கையில் இருக்கும் கொழுக்கட்டையைப் பார்த்தே நிற்கும். கொழுக்கட்டைக்குள் ஒரு துளிக் காந்தமும் மூஞ்சுறுவின் மூக்குக்குள் ஓர் ஆணித்துணுக்கும் இருந்தன.

ஆபிரகாம் மேசையைத் தட்டிவிட்டுப் பார்த்தார். மூஞ்சுறு திரும்பித் திரும்பிக் கொழுக்கட்டையிடமே வந்தது. மறுபடி தட்டினார். அவர் வேதக்காரர், ஆனாலும் அந்த எலியை அவருக்குப் பிடித்துவிட்டது. சிரித்தபடியே மாதிரியை எடுத்துக்கொண்டு உள்ளே முதலாளியிடம் போனார். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை.

“நல்லாதான் கீதுன்றாரு கோவிந்தம்மா. ஆனா டிரைவர் ரோட்டப் பாப்பானா, எலியப் பாப்பானான்னு கேக்கறாரு. சாமி ஆடக் கூடாதாம். எலியும் ஆடக் கூடாதாம். அப்பிடியே ஒட்டிரு.”

“சரிங்க சார்” என்றாள்.

பசை இறுகிவிட்டது. கைகள் பிடியை விட்டன. மூஞ்சுறு நின்ற இடத்தில் நின்றது. நகத்தால் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. கொழுக்கட்டைக்குள் இருந்த துளிக் காந்தத்தை ஏற்கெனவே நோண்டி எடுத்துவிட்டு, துளையை வண்ணத்தால் மூடியிருந்தாள். பீடத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். வளையக் காந்தத்தை அப்படியே ஒட்டாமல் ஒரு தகரக் கிண்ணத்துக்குள் இறக்கி வைத்திருந்தாள். தகரம் சுற்றி நின்றால் பலம் முழுவதும் கீழ்ப்பக்கமே இறங்கும், பிடி பல மடங்காகும். வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூப் ரப்பரில் மெல்லிய வட்டம். ரப்பரின் ஓரத்தில் ஒரு நூலளவு துருத்திக்கொண்டிருந்தது. கத்தியை எடுத்து அதையும் சீவினாள்.

பிறகு எழுந்து ஆபிரகாமிடம் கொண்டுபோனாள்.

அவர் அதை வாங்கி இரும்பு பீரோவின் பக்கவாட்டில், சுவரில் பல்லிபோல, ஒட்டவைத்தார். பீரோவின் கதவைத் திறந்து ஓங்கிச் சாத்தினார். தகரம் அதிர்ந்தது. பிள்ளையாரும் மூஞ்சுறுவும் அப்படியே இருந்தார்கள். கையால் குத்தினார். இருந்தார்கள்.

“அசையல” என்றார்.

“அசையாது சார்.”

இரண்டு கையாலும் பிடித்து அதைப் பிடுங்கி எடுத்தார். முதலாளியிடம் காட்டிவிட்டு வார்ப்புக்கு அனுப்ப வேண்டும். அட்டைப்பெட்டியில் நிறைய அடுக்கி ஊர் ஊராக அனுப்பப் போகிறோம், அடுக்குவதில் ஏதாவது பார்க்க வேண்டுமா என்று போகிற போக்கில் கேட்டார்.

“ஒண்ணும் பாக்க வாணாம் சார்” என்றாள் கோவிந்தம்மா. “இது அந்தப் பிளேடு இல்ல. மல்லாக்கப் போட்டாலும் குப்புறப் போட்டாலும் இப்பிடியேதான் இருக்கும்.”

எந்தப் பிளேடு என்று அவருக்கு விளங்கவில்லை. தலையாட்டிவிட்டு, பிள்ளையாரைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.